மதுரையிலிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடிக் கரையோரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து காலையில் கிளம்பி ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைப் பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தீர்த்தமாடப் போகிறவர்களுக்கு வழிகாட்ட ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். இங்கே கடல், சாலை, காற்று, நேரம் ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

மதுரைக்குப் பக்கத்துக் கடல் எது?

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் 100 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டினால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். கிழக்கே ராமநாதபுரம் ஏறக்குறைய 115 கி.மீ. அங்கிருந்து தேவிபட்டினம் 15 கி.மீ. ராமேஸ்வரம் வரை மொத்தம் சுமார் 170 கி.மீ. தெற்கே தூத்துக்குடி சுமார் 140 கி.மீ. காலை போய் இரவு வீடு திரும்பலாம், ஆனால் எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

இந்தக் கேள்வியோடு "எந்தக் கரைக்கு?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ராமேஸ்வரம் தீவும் அதை ஒட்டிய மண்டபம் முனையும் இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வடக்கே பாக் நீரிணைப் பக்கம், அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வடக்குக் கடல் அமைதி, தெற்குக் கடல் சீற்றம் என்று வழிகாட்டிகள் சொல்வது பாதி ஆண்டுக்குத்தான் பொருந்தும்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று. அப்போது எல்லாம் தலைகீழாகும்: வடக்குப் பக்கம் அலை அடித்து, தண்ணீர் கலங்கி, கரையெல்லாம் கடல்தாழை ஒதுங்கி நாறும், தெற்குப் பக்கம் அடங்கியிருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இரண்டு பக்கமும் சாந்தம், தண்ணீரும் தெளிவு. ஒரே ஒரு முறைதான் போகப் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டு மாதத்தில் போங்கள்.

ஆக, கோடை விடுமுறையின் கடைசியிலும் ஆடியிலும் போகிறவர்கள் குழந்தைகளை அரியமான் போன்ற வடக்குக் கரையில் இறக்கலாம்; சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. மார்கழி, தை மாதங்களில் தெற்குப் பக்கம் போங்கள். "போன தடவை அவ்வளவு அழகாக இருந்தது, இந்தத் தடவை ஒரே சேறு" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதைப் பார்க்காமல் போனதால் வருபவை.

நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கூட்டம் இல்லாத நாள் எது?

ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சேதுக்கரையும் தேவிபட்டினமும் அப்படித்தான். கார்த்திகையிலிருந்து தைப் பொங்கல் வரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வரிசை கட்டும். சனி, ஞாயிறுகளில் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். செவ்வாயோ புதனோ அமைந்தால் நல்லது.

காரில் போவதா, பஸ்ஸா, ரயிலா?

தனுஷ்கோடி வரை போவதென்றால் கார்தான் வசதி. மாட்டுத்தாவணியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நாள் முழுக்க பஸ் உண்டு. நாலு மணி நேரம் பிடிக்கும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு நகரப் பேருந்து ஓடுகிறது, ஆட்டோவும் கிடைக்கும். ஆட்டோவில் ஏறுமுன் "அரிச்சல்முனை வரை, அங்கே ஒரு மணி நேரம் நின்று, வழியில் கோதண்டராமர் கோயில் பார்த்துத் திரும்ப" என்று முழுதாகச் சொல்லி விலை பேசுங்கள். "தனுஷ்கோடி" என்று மட்டும் சொன்னால் பழைய ஊரோடு வண்டியைத் திருப்பிவிட்டு, முனைக்குப் போகத் தனியாகக் கேட்பது உண்டு.

ரயிலில் போக ஒரே காரணம் பாம்பன் கடல் பாலம். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாசஞ்சர் போகிறது. ஒரு வழி ரயில், ஒரு வழி பஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பாலத்தையும் பார்த்த மாதிரி ஆகும். பாலத்தின் மேல் போகும்போது படிக்கட்டில் நின்று செல்பி எடுக்க வேண்டாம். எந்தப் பக்கத்து ஜன்னலானாலும் கடல்தான். குறுக்குக் காற்று படியில் நிற்பவரைத் தள்ளும் வேகத்தில் வரும்.

சாலையில் போனால் தேசிய நெடுஞ்சாலை 87. பரமக்குடி வரை நான்கு வழி, வண்டி பறக்கும். அதற்குப் பிறகு இருவழிச் சாலையில் எதிரே வருகிற சுற்றுலா பஸ்களைப் பார்த்து ஓட்ட வேண்டும். ராமநாதபுரம் வரை இரண்டு இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து ராமேஸ்வரம் ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

மதுரையிலிருந்து அதிகாலை 3.30-க்குக் கிளம்புங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் என்ன என்று கேட்பவர்கள், சுடும் வெயிலில் அரிச்சல்முனையில் நிற்பார்கள். அங்கே நிழல் என்பதே இல்லை. மணல் பொசுக்கும், கடலின் வெளிச்சம் கண்ணைக் கூசும்.

3.30-க்குக் கிளம்பினால் பாம்பன் பாலத்தில் விடியல். ராமேஸ்வரம் ஊருக்குள் போகாமல் நேரே தனுஷ்கோடி. எட்டு மணிக்குள் முனை, ஒன்பது மணிக்குப் பழைய ஊர், பத்துக்குக் கோதண்டராமர் கோயில். பிறகு ஊருக்குள் வந்தால் ராமநாதசுவாமி கோயில் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். மதியம் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறப்பார்கள். சாப்பாடு முடித்து, வெளியேறும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். நாலு மணிக்கு அரியமான், ஆறு மணிக்கு நடையைக் கட்டினால் ஒன்பதுக்குள் மதுரை. இதில் தீர்த்தக் குளியலையும் சேர்த்தால் நாள் போதாது. தனுஷ்கோடி அல்லது தீர்த்தம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தனுஷ்கோடிக்கு எப்போது விடுவார்கள்?

பொதுவாகக் காலை 6 மணிக்குச் சோதனைச் சாவடி திறக்கும். மாலை 5 மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. 6 மணிக்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். கடல் சீற்றம், புயல் எச்சரிக்கை இருந்தால் முழு நாளும் தடைதான். தங்கும் விடுதியிலோ ஆட்டோக்காரரிடமோ முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள்.

இந்த நேரக் கட்டுப்பாட்டால் ஒரு விளைவு உண்டு. ஜனவரியில் சூரியன் 6.30-ஐத் தாண்டித்தான் எழும். ஆறு மணிக்குச் சாவடியில் முதல் வண்டியாக நின்றால், முனையில் சூரியோதயம் கிடைக்கும். ஜூனில் 5.55-க்கெல்லாம் விடிந்துவிடும், அப்போது முனைச் சூரியோதயம் உங்களுக்கு இல்லை. அஸ்தமனமோ பெரும்பாலான மாதங்களில் கிடைக்காது. "ஒரே இடத்தில் உதயமும் அஸ்தமனமும்" என்று வீடியோக்களில் சொல்வதை நம்பி மாலை 5.30-க்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் தினமும் உண்டு. அஸ்தமனத்துக்குப் பாம்பன் பாலத்து நடைபாதை போதும்.

முனை வரை கார் போகுமா?

போகும். ராமேஸ்வரத்திலிருந்து முகுந்தராயர் சத்திரம் வரை பழைய சாலை. அங்கிருந்து தனுஷ்கோடி 5 கி.மீ., அதற்கப்பால் அரிச்சல்முனை நாலரை கி.மீ. இந்த ஒன்பதரை கிலோமீட்டர்ச் சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் போகும் வேனுக்குத்தான் காத்திருக்க வேண்டும். இப்போது முனையில் அசோகத் தூண் நிற்கும் வட்டத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பலாம்.

வண்டி சிக்குவது தார்ச்சாலையில் அல்ல, ஓரத்தில். பார்க்கிங் நெரிசலைப் பார்த்து "கொஞ்சம் இறக்கி நிறுத்துவோம்" என்று இரண்டு சக்கரத்தை மணலில் இறக்கினால், கிளம்பும்போது சக்கரம் சுழலச் சுழல வண்டி உட்காரும். அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் தள்ளுங்கள். டயர்க் காற்றைப் பாதியளவு இறக்குங்கள். கால்மிதியை எடுத்துச் சக்கரத்தின் அடியில் செருகி, முதல் கியரில் மெதுவாக ஏறுங்கள். யாரும் சக்கரத்துக்குப் பின்னால் நிற்கக் கூடாது, கால்மிதி பறந்து வரும். பிறகு காற்றடிக்கும் இடம் வரை மெதுவாகத்தான் போக வேண்டும்.

காற்றுக் காலத்தில் சாலையிலேயே மணல் திட்டாக ஏறி நிற்கும். பைக்கில் வருகிறவர்கள் மணல் கண்டதும் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். வேகத்தை முன்கூட்டியே குறைத்து நேராக ஓட்டுங்கள். ராமேஸ்வரம் ஊரைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது.

தனுஷ்கோடியில் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் இடிந்த கட்டடம்தானே?

அந்த இடிந்த கட்டடங்களைச் சாவகாசமாகப் பார்ப்பவர்கள் குறைவு. முனையில் செல்பி எடுத்துவிட்டுத் திரும்பும் அவசரத்தில் இதைக் கடந்துவிடுகிறார்கள். 1914-லிருந்து இங்கே ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். போட் மெயில் என்பது அந்த ரயிலின் பெயர். சுங்கம், தபால் அலுவலகம், ரயில் நிலையம், பள்ளி எல்லாம் இருந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் அலை ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து வாரிக்கொண்டது. அதன் பிறகு, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

தேவாலயச் சுவரின் அருகே போய்ப் பாருங்கள், கையை வைக்க வேண்டாம். கல்லில் தேனடை போல் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். அது பவளப்பாறைக் கல். இந்தப் பகுதியில் வேறு கல் கிடைக்காததால் கடலிலிருந்து எடுத்த கல்லைத்தான் வெட்டி அடுக்கினார்கள். உப்புக்காற்று அறுபது ஆண்டுகளாகப் பூச்சைத் தின்றுவிட்டதால் சுவர்கள் பலவீனமாக இருக்கின்றன. மேலே ஏறுவதும் சாய்ந்து நிற்பதும் உங்களுக்கும் ஆபத்து, சுவருக்கும் ஆபத்து. ரயில் நிலையத்தின் மிச்சமும் தண்ணீர்த் தொட்டியும் சாலையை ஒட்டியே தெரியும். சுற்றிலும் மீனவர் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். வாசலில் நின்று படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இலங்கை தெரியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். தலைமன்னார் இங்கிருந்து ஏறக்குறைய 29 கி.மீ. வெறும் கண்ணுக்குக் கரை தெரியாது. வேறு எதையாவது காட்டி "அதோ இலங்கை" என்பவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அரிச்சல்முனையில் குளிக்கலாமா?

கூடாது. கணுக்கால் தண்ணீரில் நிற்பதைக்கூட நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுவதால் மணல் ஓயாமல் இடம் மாறுகிறது. இன்று முழங்கால் ஆழம் இருந்த இடம் அடுத்த வாரம் ஆளை விழுங்கும் பள்ளம். மேலே அலை சின்னதாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு பக்கவாட்டில் இருக்கும். கால் அடியிலுள்ள மணலை அது உருவும்போதுதான் தெரியும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே மூழ்கியிருக்கிறார்கள்.

"ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது" என்று செய்தி வருகிறதே, போகலாமா?

போகலாம். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமே இல்லை. கரை மிகச் சரிவு குறைந்த தட்டை. அங்கே நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினாலே நூறடி, இருநூறடி தூரத்துக்குத் தரை தெரியும், படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி வற்றத்தோடு கரையிலிருந்து வீசும் காற்றும் சேர்ந்தால் இது நடக்கும், சில மணி நேரத்தில் திரும்பிவிடும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கற்கள் ஒரு நாள் முழுதாகத் தெரிவதற்கும் இன்னொரு நாள் மூழ்கியிருப்பதற்கும் இதே ஏற்ற வற்றம்தான் காரணம்.

பயப்பட வேண்டியது வேறொன்று: கள்ளக்கடல். காற்றே இல்லாத, வானம் தெளிந்த நாளில் திடீரென்று அலை உயர்ந்து கரையேறும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் அது. ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இதற்கு மாவட்டவாரியாக முன்னெச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் மன்னார் வளைகுடாப் பக்கம் எந்தக் கடற்கரையிலும் இறங்காதீர்கள்.

குழந்தைகளோடு பாதுகாப்பாகக் குளிக்க எந்த இடம்?

உச்சிப்புளி பக்கம் அரியமான். வடக்கு நோக்கிய கரை, பின்னால் சவுக்குத் தோப்பு, நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர். அதை ஒட்டிய பிள்ளைமடத்திலும் பிரப்பன்வலசையிலும் படகுச் சவாரி, துடுப்புப் பலகை மாதிரியானவை உண்டு. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்க விட்டால் கேமராவோடு காவல் நிலையம் போக வேண்டியிருக்கும்.

ஆழமில்லாத கடலுக்கும் அதன் தொல்லை உண்டு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வாலிலுள்ள முள் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள், வலி குறையும். முள் உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால்தான் கழுவ வேண்டும். மினரல் வாட்டர் ஊற்றினாலோ மணலால் தேய்த்தாலோ எரிச்சல் இன்னும் ஏறும்.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது, போலீஸ் விரட்டும். பாலத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஓரங்கட்டிவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. கீழே தெரிவதில் பழையது 1914-ஆம் ஆண்டு ரயில் பாலம். அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, கதவு திறப்பதுபோல் மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிட்டு வந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். எப்போது தூக்குவார்கள் என்பதற்குத் தினசரி அட்டவணை இல்லை, கப்பல் வரும்போதுதான். அதற்காகக் காத்திருந்து நாளைத் தொலைக்காதீர்கள்.

பூநாரை எப்போது வரும்?

குளிர்காலத்தில் வந்து மார்ச் வாக்கில் கிளம்பும். முகுந்தராயர் சத்திரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, சாலையை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் வெளிச்சம் நன்றாக இருக்கும். 2025 ஜூனில் இந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாலையை விட்டு இறங்கி அருகே போனால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். பைனாகுலர் கொண்டுபோங்கள்.

தீவுகளுக்குப் படகு உண்டா?

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலுக்குள் இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். "மீன்பிடிப் படகில் அழைத்துப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வனத்துறை நடத்தும் குருசடைத் தீவுச் சவாரிதான் முறையான வழி. அதுவும் கடல் நிலை பார்த்துத்தான் நடக்கும். படகேறும் குந்துகாலில் விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. 1897 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது அவர் இங்கேதான் கரையிறங்கினார்.

அலை பிடிக்காதவர்களுக்குத் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகும். காலையில் போனால் பறவைகள் அதிகம்.

மதுரை பாண்டியர் தலைநகரமாக இருந்ததற்கும் இந்தக் கடலுக்கும் தொடர்புள்ள இடம் ஏதாவது வழியில் இருக்கிறதா?

மதுரையை விட்டு 12 கி.மீ. போனதும் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் அது காலை பத்து மணிக்குத்தான் திறக்கும், எனவே போகும்போது சரிவராது. மாலை திரும்பும்போதும் மூடியிருக்கும். இதைத் தனி நாளாக வைத்துக்கொள்வதே நல்லது.

வைகை கடலில் சேரும் இடம் ஆற்றங்கரை என்ற ஊர். பக்கத்து அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. மதுரையின் ஆறு, மதுரையின் துறைமுகம். போய்ப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது தென்னையும் கருவேலமும்தான். ஆற்றில் பெரும்பாலும் தண்ணீரும் இருக்காது, வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே முடிந்துவிடும். வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர்களை அழைத்துப் போனால் வண்டியில் முணுமுணுப்பு கேட்கும். முத்துக்குப் பெயர்போன கொற்கையும் இப்போது கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிவிட்டது. கடல் பார்க்க அங்கே போகாதீர்கள்.

இரண்டு நாள் இருந்தால்?

முதல் நாள் மேலே சொன்ன ஒருநாள் பயணம், ராமேஸ்வரத்தில் தங்கல். இரண்டாம் நாள் வந்த வழியே திரும்பாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்குங்கள். எங்கள் பார்வையில் இந்தப் பக்கத்தின் நல்ல சாலைப் பயணம் இதுதான், கூட்டமும் கிடையாது.

ராமநாதபுரத்திலிருந்து 10 கி.மீ. திருப்புல்லாணி, ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருக்கும் பெருமாள் கோயில். அங்கிருந்து சில கிலோமீட்டரில் சேதுக்கரை. கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியிலிருந்து பாருங்கள். திராவிடத் தூண்களோடு கட்டிய பள்ளி. அந்த ஊர்க் கடைகளில் தொதல் கேளுங்கள். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டும் அல்வா மாதிரிப் பண்டம், எண்ணெய் பிரிந்து பளபளவென்று இருக்கும். பிறகு ஏர்வாடி தர்கா, வாலிநோக்கம் உப்பளம், சாயல்குடி, மூக்கையூர். சாயல்குடியிலிருந்து வேம்பார் வரை சாலையின் இரண்டு பக்கமும் பனங்காடு. மாசியிலிருந்து வைகாசி வரை காலையில் பதநீர், நுங்கு கிடைக்கும். பதநீரைப் பத்து மணிக்குள் குடியுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 120 கி.மீ. அங்கே பனிமய மாதா ஆலயம் பார்த்து, மக்ரூன் வாங்கிக்கொண்டு, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்கு இரண்டரை மணி நேரம். களைத்துவிட்டால் சாயல்குடியிலேயே கமுதி, அருப்புக்கோட்டைப் பக்கம் திரும்பிவிடலாம்.

மீன் சாப்பாடு எங்கே நல்லது?

கோயிலைச் சுற்றி எல்லாம் சைவம். மீனுக்குப் பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிக் குடிசைக் கடைகள். பொரிப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள்: கண் குழியாமல், செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். பாரை, விளமீன், கணவாய், நண்டு எளிதில் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப் படகு மீன் மட்டும்தான், விலை ஏறும். அந்த நாட்களில் மலிவாகப் பெரிய மீன் என்று யாராவது விற்றால் அது ஐஸ்பெட்டியில் பல நாள் கிடந்தது.

தீர்த்தமாட வேண்டுமென்றால் முறை என்ன?

முதலில் அக்னி தீர்த்தமான கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகள். ஈர உடையோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணி கட்டாயம். செல்போனை உள்ளே அனுமதிப்பதில்லை. கூட்டமில்லாத நாளிலும் இரண்டு மணி நேரம் ஆகும். கல்தரை வழுக்கும், வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சங்கு, பவளம், மிதக்கும் கல் வாங்கலாமா?

சங்கும் சாதாரணச் சோழி மாலையும் வாங்கலாம். பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வைத்திருந்தாலே வழக்கு, கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கினேன் என்பது பதிலாகாது. மிதக்கும் கல் என்று விற்பதில் பவளக்கல் கலந்திருக்கும், தவிர்த்துவிடுங்கள். கருப்பட்டி, ராமநாதபுரம் குண்டு மிளகாய் வாங்குங்கள். வீட்டில் தோட்டம் இருந்தால் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று. மதுரை மல்லிக்கே நாற்று போவது அங்கிருந்துதான்.

திரும்பி வந்ததும் வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

மறுநாளே வாட்டர் வாஷ் கொடுங்கள். மேல்பகுதியைத் துடைத்தால் போதாது. அடிப்பகுதி, சக்கர வளைவின் உள்பக்கம், பிரேக் டிஸ்க் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் காற்றோடு வரும் உப்புத்தூறல் போல்ட்டுகளில்தான் முதலில் துருவாகும். பைக் செயினைக் கழுவிக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். காரின் ஏசி பில்டரில் மணல் இருக்கும், அதையும் கழற்றித் தட்டிவிடுங்கள்.